நாற்பத்தொரு ஃபிரேம்

பக்கிரி மாமா லிஃப்ட் பட்டனை அழுத்துவார்.
லிஃப்ட் வராது.
டையைச் சரிசெய்துகொள்வார்.
வராது.
அந்த இடத்தில் நாற்பத்தொரு ஃபிரேம்
ஒன்றுமே நடக்காமல் வைத்திருந்தோம்.
நொடிக்கு இருபத்தைந்து என்றால்
ஒன்றரை நொடியும் கொஞ்சமும்.
இமைகூட அசையாது. மேல்மாடியில்
யார் வீட்டிலோ குக்கர் ஒரு விசில்.
பிறகுதான்,
"நல்லவேளை, அவசரமில்லை" என்பார்.

முதல் சீசன் முழுக்க இவ்வளவுதான்:
நாலு மாடி, ஓடாத ஒரு லிஃப்ட்,
அதை ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு கார்ட்டூன் மனிதர்.
தொம்லூர் ஸ்டுடியோவுக்குத் தண்ணீர் கேன் தூக்கிவந்த பசவா
தமிழ் தெரியாதவன்
கேனை இறக்க மறந்து சிரித்தான்,
தோள் நனைய நனைய.

எழுதியவர் அருமைராஜ்.
ஒரு பக்கம் எழுதி முக்கால் பக்கம் அடிப்பார்.
பை-டூ காஃபியில் தன் பாதியை ஆறவிட்டு
"இன்னும் நாலு ஃபிரேம் சும்மா இருக்கட்டுமே ஜெசிந்தா,
காசா, பணமா?" என்பார்.

காசும் பணமும்தான் என்று
ஆறாவது சீசனில் தெரிந்தது.
விளம்பரத்துக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக வேண்டுமாம்.
நாற்பத்தொன்று முப்பதானது,
முப்பது பன்னிரண்டு.
பெங்களூரில் வாடகை ஏறுகிற அதே ஒழுங்கில்
இறங்கியது.
அருமைராஜ் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
நான் போகவில்லை. கல்கெரே ஃப்ளாட்டுக்குத் தவணை இருந்தது.
தவிர, யார் வெட்டினார்கள் என்று கேட்டால்
கத்தரி என் கையில்தான்.

ஒன்பதாவது சீசனில் லிஃப்டை ஓடவிட்டார்கள்.
பன்னிரண்டில் அது நிலாவுக்குப் போனது.
பதினாலில் மாமாவுக்கு துபாயிலிருந்து ஓர் இரட்டைப்பிறவி,
மீசை மட்டும் கூடுதல்.
"நல்லவேளை, அவசரமில்லை"
டிஃபன் டப்பாவில் ஏறியது, டீ-ஷர்ட்டில் ஏறியது.
பல் பிடுங்கும்போது சொல்கிறார்,
வீடு பற்றி எரியும்போது சொல்கிறார்,
லிஃப்ட் கதவு திறந்து காத்திருக்க,
அதன் முகத்துக்கு நேரே நின்று சொல்கிறார்.
சொன்னதும் ஒரு கூட்டம் சிரிக்கிறது.
அந்தச் சிரிப்பை நான்தான் ஒட்டுகிறேன்:
கோப்பு எண் ஏழு, பெண்கள் அதிகம்.

குரலும் மாறிவிட்டது.
புதியவர் அச்சு அசலாகப் பழையவர் மாதிரியே பேசுகிறார்.
பழையவர் ஒருநாளும்
அவர் மாதிரியே பேசியதில்லை.

போன வாரம் ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் முடிந்து
கம்பெனிக்கு ஃபோன் போட்டேன்.
புதுப்பிக்க ஒன்றை அழுத்தவும்.
புகாருக்கு இரண்டை அழுத்தவும்.
பிறகு ஒன்றுமில்லை.
இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்து,
போகவில்லை என்று கண்டு,
காதில் திரும்ப வைத்த அந்தக் கணத்தில்,
"மற்றவர்கள் காத்திருக்கவும்."
பழக்கதோஷம், விரல் எண்ணியிருந்தது.
தொம்லூர் மேம்பாலத்துக்குக் கீழே
ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்த சிரிப்பில்
பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.
அருமைராஜ் இன்சூரன்ஸுக்கு எழுதுகிறார் என்று
யாரோ சொன்னபோது
பாவம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று ராத்திரி, பத்தொன்பதாவது சீசன், ஆறாவது பகுதி.
லிஃப்ட் செவ்வாய் கிரகத்தில் நிற்கிறது.
மாமா பட்டனை அழுத்துகிறார்.
ஐந்து ஃபிரேம் கொடுத்திருந்தார்கள்.
முப்பத்தாறு தேவைப்பட்டது.
பகுதியின் நீளத்தில் கைவைக்க முடியாது,
எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும்.
கடைசியில் பெயர்கள் ஓடும் இடத்தில்
'படத்தொகுப்பு' என்று ஒரு வரி நிற்கும்.
அதிலிருந்து எடுத்தேன்.
இனி அங்கே ஏதோ வெள்ளையாக ஒன்று
மின்னிப் போகும், பூச்சி மாதிரி.
குக்கர் விசில் பழைய ஹார்டு டிஸ்கில் இருந்தது.
செவ்வாயில் எப்படிக் குக்கர் என்று யோசித்தேன்.
இருக்கட்டும்.

காலையில் தரச்சோதனை ஷ்ரேயஸிடமிருந்து மெயில்:
பதினோராவது நிமிடத்தில் படம் உறைந்துவிடுகிறது,
உடனே சரிசெய்யவும்.

படித்தேன்.
இன்னும் பதில் போடவில்லை.